மிஸ் பேட்ஸ் எங்கே போனா?

படம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லாத நேரத்தில் திரையில் ஒரு கல்யாணம் வந்தது. "கடைசியில அண்ணனையே கட்டிப்போட்டாளோ?" என்று அம்மா கேட்டா. அது கதாநாயகியின் கல்யாணம் இல்லை, அவளுக்குப் படிப்பித்த ரீச்சருடையது என்று விளங்கப்படுத்திய பிறகும் அம்மாவின் முகம் தெளியவில்லை. கல்யாணம் நடக்காவிட்டால் என்ன, அண்ணன் முறையானவனைக் கொஞ்சியது கொஞ்சியதுதானே.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் அக்காவின் மகள்தான் படத்தைப் போட்டவள். 'க்ளூலெஸ்', 1995 யூலையில் அமெரிக்காவில் வெளியானது. அவள் பிறப்பதற்குப் பத்து வருடத்துக்கு மேல் முந்தியது. திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பார்த்தவர்கள் நாலு பேர்: அவள், அம்மா, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர், நான். நாலு பேருக்கும் நாலு அபிப்பிராயம். மருமகளுக்கு உடுப்புகள் பிடித்திருந்தன. "கதையெண்டு பெரிசா ஒண்டுமில்லை மாமா, ஆனா பாக்கலாம்" என்றாள். அம்மாவின் முறைப்பாட்டை மேலே சொல்லிவிட்டேன். ரீச்சர் படம் முழுக்கச் சிரித்துவிட்டு, முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரேயொரு கேள்வி கேட்டா: "எல்லாஞ் சரி, மிஸ் பேட்ஸ் எங்க போனா?"

மற்ற இரண்டு பேருக்கும் அது யாரென்று தெரியாது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறது.

'க்ளூலெஸ்' படத்தின் அடியில் இருப்பது ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'. நாவல் 1815 டிசம்பரில் இலண்டனில் வெளிவந்தது. மூன்று பாகம், விலை 21 ஷில்லிங், 2000 பிரதிகள். எழுதியவரின் பெயர் அட்டையில் இல்லை. இலண்டனுக்குப் பதினாறு மைல் தள்ளி ஹைபரி என்றொரு கற்பனைக் கிராமம். அங்கே எம்மா வுட்ஹவுஸ் என்ற இருபத்தொரு வயதுப் பெண். அழகி, கெட்டிக்காரி, பணக்காரி. தாய் இல்லை. தகப்பன் சளிக்கும் காற்றுக்கும் பயந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிற மனுசன். செய்ய வேலையொன்றும் இல்லாததால் எம்மா ஊராருக்குச் சோடி சேர்க்கப் புறப்படுகிறாள். ஹாரியட் என்ற, பெற்றார் யாரென்றே தெரியாத பிள்ளையைப் பிடித்து, அவளை விரும்பிய விவசாயியை விலக்கிவிட்டு, ஊர்ப் பாதிரியார் எல்டனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறாள். எல்டனுக்கோ கண் எம்மாவின் மேல். எல்லாக் கணக்கும் பிழைத்துப்போகிறது. எம்மாவை முகத்துக்கு நேரே கண்டிக்கிற ஒரே ஆள் நைட்லி. அவரைத்தான் தான் விரும்புகிறாள் என்று கடைசியில் அவளுக்கே தெரியவருகிறது.

இயக்குநர் ஏமி ஹெக்கர்லிங் இதைக் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸுக்குக் கொண்டுபோனார். எம்மா, ஷெர் என்ற பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளையானாள். நடித்தவர் அலிசியா சில்வர்ஸ்டோன். ஹாரியட், புதிதாகப் பள்ளிக்கு வந்த டாய் ஆனாள். விவசாயி சறுக்குப்பலகையில் திரிகிற ட்ராவிஸ் ஆனான். எல்டனுக்குப் பெயர்கூட மாறவில்லை. நைட்லி, ஷெரின் தகப்பன் இடையில் கட்டிப் பிரிந்த மனைவியின் மகன் ஜோஷ். பல்கலைக்கழக மாணவன், நடித்தவர் பால் ரட். கஞ்சி குடித்த தகப்பன் கத்திப் பேசுகிற வழக்கறிஞராகிவிட்டார். ஆனால் தகப்பனின் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிற வேலை இப்போது மகளுடையது. கொலஸ்ரரோல் என்று கண்டிக்கிறாள், தோடம்பழச் சாறு நீட்டுகிறாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தாலும் எழுத்துத் தெரிகிறதே என்று வியக்கவைக்கிற இடங்கள் இவை.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஆஸ்டினின் பெயர் வராது. அதனால் உலகம் முழுவதும் இந்தப் படத்துக்கு இரண்டு வகைப் பார்வையாளர்கள். பழைய நாவல் ஒன்று ஒளிந்திருப்பது தெரியாமல் பள்ளிக்கூடக் கும்மாளமாக மட்டும் பார்த்தவர்கள் ஒரு பக்கம். ஒவ்வொரு காட்சிக்கும் நாவலின் அத்தியாயத்தைத் தேடித் தேடிச் சிரித்தவர்கள் மறு பக்கம். முதல் வகையினர் தந்த பணம் அமெரிக்காவில் மட்டும் ஐந்து கோடி டொலரைத் தாண்டியது. இரண்டாவது வகையினர் அந்த ஆண்டின் சிறந்த திரைக்கதைக்கான அமெரிக்கத் தேசிய விமர்சகர் சங்க விருதைக் கொடுத்தார்கள். 1996இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து 1999 வரை ஓடியது. அதன் பிறகு ஒரு சீசன்போலப் பழைய கதைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோகத் தொடங்கினார்கள். 1782இல் வந்த பிரெஞ்சுக் கடித நாவலொன்று 1999இல் நியூயோர்க் பணக்காரப் பிள்ளைகளின் கதையாயிற்று.

இந்தப் பழைய நாவல்கள் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு சுலபமாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஆஸ்டின் தன் மருமகளுக்கு 1814இல் எழுதிய கடிதமொன்றில், கிராமத்தில் மூன்று நாலு குடும்பம் இருந்தால் போதும், நாவல் எழுத அதுவே தோது என்று சொல்கிறா. எல்லாரும் எல்லாரையும் தெரிந்துவைத்திருக்கிற, யாரும் தப்பிப் போக முடியாத ஓர் இடம். வேலைக்குப் போகத் தேவையில்லாத ஆட்கள். ஆட்டம் பாட்டுக்கு ஒரு மண்டபம். ஒருவர் சொன்னது மறுநாள் காலையில் ஊருக்கே தெரிந்துவிடுகிற வேகம். இந்த நாலும் சேர்ந்து கிடைக்கிற இடம் இன்றைய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிதான். ஆனால் திருகோணமலையில் இருந்து பார்க்கிறவருக்கு இதில் ஒரு வேடிக்கை. மூன்று நாலு குடும்பம், தப்ப முடியாத இடம், விடிவதற்குள் பரவுகிற கதை என்பதற்கு இங்கே பள்ளிக்கூடம் தேவையில்லை, ஒரு ஒழுங்கை போதும். நவீனமாக்கப்பட்ட படம் எங்களுக்கு அந்நிய தேசம். நவீனமாக்கப்படாத நாவல் பக்கத்து வளவு.

அம்மாவின் முறைப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஜோஷ் ஷெருக்கு இரத்த உறவில்லை. தகப்பனின் முன்னாள் மனைவியின் மகன். மனைவியைத்தான் விவாகரத்துச் செய்யலாம், பிள்ளைகளை இல்லை என்று தகப்பன் படத்திலேயே சொல்லிவிடுகிறார். அம்மாவைப் பொறுத்தவரை அந்த ஒரு வசனத்தோடு வழக்கு முடிந்துவிட்டது. தகப்பனுக்கு மகன் என்றால் மகளுக்கு அண்ணன். அமெரிக்கப் பார்வையாளர்களிலும் இதை நெளிந்துகொண்டு பார்க்கிறவர்கள் இன்று நிறையப் பேர். ஆனால் அவர்களுடைய நெளிவுக்கும் அம்மாவின் நெளிவுக்கும் வேர் வேறு. அவர்கள் ஒரே வீட்டில் வளர்ந்ததைப் பார்க்கிறார்கள். அம்மா முறையைப் பார்க்கிறா.

நாவலில் நைட்லி யார் தெரியுமா? எம்மாவின் அக்கா இசபெல்லாவைக் கட்டியவர் ஜோன் நைட்லி. அவருடைய தமையன்தான் இந்த நைட்லி. அக்காவின் புருசன் அத்தான். அத்தானின் தமையனும் அத்தான். எங்கள் முறைப்படி கட்டிக்கொடுக்கக் கூடிய ஆள் மட்டுமில்லை, "வெளியில ஏன் தேடுறியள், வீட்டுக்குள்ளேயே இருக்கே" என்று பெரியவர்களே சொல்லிவைக்கக் கூடிய ஆள். ஆங்கிலேயர்தான் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். நடனமாடும்போது எம்மா, நாம் அண்ணன் தங்கை என்று சொல்லுமளவுக்கு அப்படியொன்றும் இல்லையே என்கிறாள், நைட்லி "அண்ணன் தங்கையா? இல்லவே இல்லை" என்கிறார். ஆங்கிலத்தில் அக்காவின் கணவரின் சகோதரனையும் 'பிரதர்' என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குவதால் வந்த தடுமாற்றம் அது. ஹெக்கர்லிங் அந்த மெல்லிய தடுமாற்றத்தை இன்றைய அமெரிக்காவில் உண்டாக்குவதற்காக மாற்றாந்தாய் மகன் என்ற உறவைப் போட்டார். அமெரிக்காவுக்கு அது சரியான மொழிபெயர்ப்பு. தமிழுக்கு வரும்போது மச்சான் அண்ணனாகிவிடுகிறான், கதை கவிழ்ந்துவிடுகிறது. வயது வித்தியாசத்தைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நைட்லிக்கும் எம்மாவுக்கும் பதினாறு வருட வித்தியாசம் என்று ரீச்சர் சொன்னபோது மருமகள்தான் "சீ" என்றாள்.

அடுத்தது உடுப்பு. ஷெர் காலையில் கணினித் திரையில் தன் அலுமாரியைத் திறந்து எந்தச் சட்டைக்கு எந்தப் பாவாடை என்று பொருத்திப் பார்க்கிற காட்சிதான் படத்திலேயே பேர்போனது. அந்தப் பள்ளியில் யார் எந்தக் கூட்டம் என்பதை உடுப்பு சொல்கிறது. ஹைபரியில் நிலமும் பரம்பரையும் செய்த வேலையை அங்கே துணிக்கடை செய்கிறது. வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், ரிபன் என்று பதின்மூன்று வருடம் போய்வந்த என் மருமகளுக்கு இது பரவசம்; ஆனால் படத்தின் சாதிக்கணக்கு அதோடு அவளுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. எங்கள் பிள்ளைகள் ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு பள்ளிக்கூடங்களில் ஒரே வெள்ளையில் நிற்பவர்கள். ஏற்றத்தாழ்வு வெளியே தெரிவது பின்னேரம், ரியூசன் வாசலில். சைக்கிளா ஸ்கூட்டியா, கையில் என்ன போன், கூட்டிக்கொண்டு போக வருவது யார்.

இந்தக் கணக்கு நாவலிலும் படத்திலும் ஒரே இடத்தில் வெடிக்கிறது. ஹாரியட்டை உனக்குப் பேசத்தான் இவ்வளவும் செய்தேன் என்று எம்மா சொன்னதும் எல்டனுக்கு வருகிற கோபம்: ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தராதரம் இருக்கிறது என்கிறார். படத்து எல்டன் காருக்குள் இருந்து கேட்பது, என் தகப்பன் யாரென்று தெரியாதா என்று. இந்த ஒரு வசனத்துக்கு எங்கள் விறாந்தையில் நாலு பேரும் ஒன்றாகச் சிரித்தோம். "நான் ஆற்ற மகன் எண்டு தெரியுமோ?" என்பதை மரத்தடிச் சந்தியில் பொலிசார் மோட்டார்சைக்கிளை மறித்த ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறோம்.

சிரிப்பு எல்லா இடத்திலும் இப்படிக் கடல் தாண்டுவதில்லை. ஆஸ்டினின் கெட்டித்தனம் முழுக்க ஒரு தந்திரத்தில் இருக்கிறது. கதை சொல்கிறவர்போலவே வசனம் போகும். ஆனால் அதற்குள் இருப்பது எம்மாவின் தப்பெண்ணம். வாசிக்கிறவர் முதல் முறை அதை உண்மை என்று நம்பிவிடுவார், இரண்டாம் முறைதான் தான் ஏமாந்தது விளங்கும். படத்தில் அந்த வேலையை ஷெரின் பின்னணிக் குரல் செய்கிறது. தன்னைப் பற்றி அவள் எவ்வளவு பெருமையாகச் சொல்கிறாளோ, திரையில் அதற்கு மாறாகவே நடக்கும். இந்த முரண் அவள் பேசுகிற கொச்சையில் தங்கியிருக்கிறது. ஒருவன் தோளில் கைபோட வரும்போது அவள் தள்ளிவிட்டுச் சொல்கிற "ஆஸ் இஃப்!" என்ற இரண்டு சொல்லை எப்படித் தமிழாக்குவது? 'அப்படி இருப்பதுபோல்' என்று போட்டால் உயிர் போய்விடும். ரீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு "நினைப்பைப் பார்!" என்றா. அதுதான் சரி. நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்கிற பழமொழியின் முதல் பாதி அதற்குள் ஒளிந்திருக்கிறது. எம்மாவின் கதையும் அந்தப் பழமொழிதான்.

ஷெர் வகுப்பில் ஒரு விவாதம் பேசுவாள். ஒடுக்கப்பட்டு ஓடிவருகிறவர்களுக்கு அமெரிக்கா இடம் கொடுக்க வேண்டுமா என்பது தலைப்பு. ஹெயிட்டியில் இருந்து வள்ளங்களில் வந்தவர்களை அமெரிக்கக் கரையோரக் காவல் படை கடலிலேயே மறித்துத் திருப்பியனுப்பிக்கொண்டிருந்த வருடங்களை ஒட்டி வந்த படம் இது. ஷெருக்கு அந்த நாட்டின் பெயரே ஒழுங்காக வாயில் நுழையாது. தன் தகப்பனின் பிறந்தநாள் விருந்துக்குச் சொல்லாமல் வந்தவர்களுக்காக மேசையை எப்படி மாற்றி அடுக்கினாள் என்பதைச் சொல்லி, ஆட்கள் கூடக் கூடக் கொண்டாட்டம்தான் என்று முடிக்கிறாள். சுதந்திரதேவி சிலையில், வருவதை முன்கூட்டி அறிவியுங்கள் என்று எழுதியில்லையே என்பது அவளுடைய கடைசி வாதம். அமெரிக்காவில் இது ஒரு மண்டூகப் பிள்ளையின் பகிடி. 1983க்கும் 2009க்கும் இடையில் எத்தனையோ தரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிய மாவட்டத்தில், கூடப்பிறந்தவர்களில் பாதிப்பேர் கனடாவில் இருக்கிற ரீச்சர் சிரித்தபடியே சொன்னா: "பொடிச்சி சரியாத்தான் சொல்றாள்." மண்டூகம் பேசிய பேச்சில் நியாயம் தற்செயலாக வந்து உட்கார்ந்துவிடுவது ஹெக்கர்லிங் வேண்டுமென்றே செய்தது என்றுதான் நினைக்கிறேன். விருந்துக்கு வந்தவரைத் திருப்பியனுப்பாத மேசைப் பழக்கம் நாட்டுக்கும் போதும் என்பது ஆஸ்டினுக்கும் பிடித்திருக்கும்.

இப்போது மிஸ் பேட்ஸ்.

நாவலில் அவ கல்யாணம் கட்டாத நடுவயதுப் பெண். முன்பு ஊரில் பாதிரியாராக இருந்தவரின் மகள். தகப்பன் இருந்தபோது மதிப்பாக இருந்த குடும்பம். இப்போது காது மந்தமான தாயோடு, வியாபாரக் குடும்பமொன்றின் வீட்டு மேல்மாடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. நைட்லி அப்பிள் கொடுத்தனுப்புகிறார், எம்மா வீட்டில் இருந்து பன்றி இறைச்சித் துண்டு போகிறது. மிஸ் பேட்ஸ் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே, நிறுத்தாமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் பேசிக்கொண்டிருப்பா. பேசுவதுதான் அவவிடம் மிஞ்சியிருக்கிற ஒரே சொத்து. திருகோணமலையில் எந்த ஒழுங்கையிலும் இப்படி ஒருவர் இருப்பார். பொங்கலுக்குப் புக்கை போகும், நோன்புக் காலத்தில் கஞ்சி போகும். கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளை அரை மணித்தியாலத்துக்குத் திரும்பி வராது.

பொக்ஸ் ஹில் என்ற மலைக்கு எல்லாரும் சுற்றுலா போகிறார்கள். ஒரு விளையாட்டு: ஒவ்வொருவரும் ஒரு கெட்டித்தனமான வார்த்தை சொல்ல வேண்டும், அல்லது மூன்று அசட்டு வார்த்தை. மிஸ் பேட்ஸ் சிரித்துக்கொண்டே, வாயைத் திறந்தால் எனக்கு மூன்று அசடு வந்துவிடும் என்கிறா. எம்மா சும்மா இருக்க மாட்டாமல், ஒரே தடவையில் மூன்றுக்கு மேல் சொல்லக் கூடாதே என்று குத்திவிடுகிறாள். மிஸ் பேட்ஸுக்கு அது உடனே விளங்கவில்லை; விளங்கியதும் முகம் சிவக்கிறது. பிறகு நைட்லி எம்மாவை வண்டியில் ஏற்றும்போது கேட்கிறார். அவ ஏழை, பிறந்த நிலையில் இருந்து விழுந்தவ, இனியும் விழக்கூடியவ. அவவின் நிலைமைக்கு உனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டாமா? எம்மா வழிநெடுக அழுகிறாள். நாவலில் எனக்கு முதன்மையான இடம் இது. இருநூறு வருடத்துக்கு முந்திய காதல் கதை ஒன்று, ஒரு ஏழைப் பெண்ணைப் பேச்சால் குத்தியதைக் கதாநாயகி செய்த மிகப் பெரிய குற்றமாக வைக்கிறது.

'க்ளூலெஸ்' படத்தில் மிஸ் பேட்ஸ் இல்லை. அவவின் தங்கச்சி மகள் ஜேன் ஃபெயர்ஃபாக்ஸும் இல்லை. ஜேன், எம்மாவைவிடப் படிப்பிலும் இசையிலும் கெட்டிக்காரி; தாய் தகப்பன் இல்லாதவள்; பிழைப்புக்காகப் பிறத்தியார் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போக வேண்டியவள். அந்த வேலை தேடித் தருகிற இலண்டன் முகவர் நிலையங்களைப் பற்றி அவள் சொல்கிற ஒரு வரியை ரீச்சர் மனப்பாடமாகச் சொன்னா. அங்கே விற்கப்படுவது மனிதத் தசை என்று சொல்ல முடியாது, மனித அறிவு. வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர்களின் பலகைகளைப் பார்த்தபடி வளர்ந்த ஊரில் இதற்கு உரை தேவையில்லை.

இரண்டு பேரையும் ஏன் எடுத்தார்கள் என்பது விளங்குகிறது. ஒன்றரை மணித்தியாலப் படத்தில் இடம் காணாது. ஜேனின் இரகசியக் காதலன் ஃபிராங்க் சர்ச்சிலைக் கிறிஸ்டியன் என்ற பெயரில் ஆண்களை விரும்பும் பையனாக ஆக்கிய பிறகு, அவனுக்கு மறைக்க வேறு இரகசியம் வந்துவிட்டது, ஜேன் தேவையில்லை. அது கெட்டித்தனமான மாற்றம்தான். ஆனால் விட்டவர்களை ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள்: ஒருத்தி பணமில்லாததால் ஊரின் கையைப் பார்த்திருப்பவள், மற்றவள் பணமில்லாததால் பிறத்தியார் வீட்டுக்கு வேலைக்குப் போக வேண்டியவள். மிச்சம் நிற்பது பணக்காரப் பிள்ளையும் அவளுடைய தோழிகளும். உலகம் முழுக்க ரசிகர்கள் படத்தைச் செல்லமாக, லேசாக, இனிப்பாக இருக்கிறது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். ரீச்சர் வாய்விட்டுச் சிரித்த பிறகும் எதையோ தேடியதற்கும் இதுதான் காரணம்.

ஒருத்தி மட்டும் தப்பி நிற்கிறாள். ஷெர் வீட்டில் வேலை செய்கிற லூசி. படத்தின் பின்பாதியில் தோட்டக்காரனிடம் ஏதோ சொல்லச் சொல்லி ஷெர் லூசியை ஏவுகிறாள். நீயே சொல்லலாமே என்று லூசி கேட்கிறாள். எனக்கு மெக்சிக்கன் பேசத் தெரியாது என்கிறாள் ஷெர். நான் மெக்சிக்கோக்காரி இல்லை என்று கத்திவிட்டு லூசி வெளியேறுகிறாள். ஜோஷ் சொல்கிறான்: அவள் எல்சல்வடோர், அது வேறு நாடு. பொக்ஸ் ஹில் காட்சியை ஹெக்கர்லிங் இங்கேதான் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்பது என் கணிப்பு. நைட்லியின் கண்டிப்பு வருகிறது, நாயகிக்குத் தான் பிழை விட்டது உறைக்கிறது. ஆனால் எல்லாம் அரை நிமிடம். லூசியிடம் யாரும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. எம்மா மறுநாள் காலையில் மிஸ் பேட்ஸின் மாடிப்படி ஏறினாள்.

அமெரிக்கர் இந்தக் காட்சியில் சிரிக்கிறார்கள் அல்லது ஷெரின் அறியாமையைக் கண்டு தலையாட்டுகிறார்கள். எங்கள் விறாந்தையில் பேச்சு நின்றது. மூதூர், கிண்ணியா, தோப்பூர் எங்கும் தாய்மார் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போய், பிள்ளைகள் அம்மம்மாவோடு வளர்ந்த வீடுகள் உண்டு. 2013 ஜனவரியில் சவூதி அரேபியாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட இளம் பெண் மூதூர்ப் பிள்ளை. பணிப்பெண்ணின் ஊர் எது, மொழி எது என்று எசமானிக்குத் தெரியாத காட்சி இங்கே பகிடிக்குள் அடங்காது. மருமகள் மட்டும் சொன்னாள்: "அந்த லூசியின்ர கதையப் படமா எடுத்திருக்கலாம்." படத்தைப் பற்றி அன்று சொல்லப்பட்ட கருத்துகளில் அதுதான் சிறந்தது என்று எனக்குப் படுகிறது, அவள் அதை ஒரு குறையாகச் சொல்லவே இல்லையென்றாலும்.

பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துப் படம் மாறுவது எங்களுக்குப் புதிதில்லை. 2000இல் வந்த ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆஸ்டினின் இன்னொரு நாவலில் இருந்து பிறந்தது. அதில் மம்மூட்டி இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படையில் காலை இழந்த அதிகாரி. தமிழ்நாட்டில் அந்தக் கால் ஒரு காதலனின் சோகம். அமைதிப்படை நின்ற ஊரில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பாட்டுகளைப் பற்றிப் பேசினார்கள், காலைப் பற்றிப் பேசவில்லை.

பார்வையாளர் கருத்து என்று வரும்போது ஆஸ்டின் எல்லாருக்கும் முந்திவிட்டா. 'எம்மா' வெளிவந்ததும் உறவினரும் அயலவரும் சொன்னதையெல்லாம் தானே ஒரு தாளில் எழுதிவைத்தா. புகழ்ச்சியையும் வசையையும் ஒரே மாதிரி. அண்ணன் மகள் ஃபானி நைட்டுக்கு எம்மாவைக் கண்ணில் காட்டக் கூடாது. திருமதி டிக்வீட், எழுதியவரைத் தெரிந்திராவிட்டால் முடித்திருக்கவே மாட்டேன் என்கிறா. சுவாரசியம் இல்லையென்று கேள்விப்பட்டதால் ஒருவர் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் வாசித்தார். ரியூசன் பிள்ளைகள் செய்கிற அதே வேலை. ஒருவருக்குப் பிடிக்காத அளவைப் பார்த்து, ஃபானி அவருடைய கருத்தை அனுப்பவே மறுத்துவிட்டாள் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. என்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத ஒரு நாயகியை எழுதப்போகிறேன் என்று தொடக்கத்திலேயே சொன்னவ அல்லவா.

அந்தத் தாளில் ஒரு மாலுமியின் வரி உண்டு. ஆஸ்டினின் ஒரே தம்பி சாள்ஸ் கப்பலில் இருந்து எழுதியது: எம்மா சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தாள், எனக்கு மிகவும் பிடித்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைவிடக் கூட இவளைப் பிடித்திருக்கிறது, இந்தப் பயணத்துக்குள் மூன்று தரம் வாசித்துவிட்டேன். இவர்தான் பரிசுப் பணம் கிடைத்தபோது இரண்டு அக்காமாருக்கும் புட்பராகச் சிலுவை வாங்கிக் கொடுத்த தம்பி. பிற்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவுக்குத் தளபதியானார். இரண்டாம் ஆங்கிலேய பர்மியப் போரில், 1852 ஒக்டோபர் 7 அன்று, ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதியில் இறந்தார்; வயது 73. புதைத்தது திருகோணமலையில், எஸ்பிளனேட் இடுகாட்டில். கோட்டை வாசலில் மானுக்குப் புல் நீட்டிவிட்டுக் கோணேசர் கோவிலுக்கு ஏறிப்போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. மருமகளுக்கு நான் சொல்லும்வரை தெரியாது. அடுத்த நாளே நாவலை ரீச்சரிடம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மூன்று கிழமை வாசித்தாள். பின்னேரங்களில் அம்மாவுக்குக் கதையாகச் சொன்னாள். அத்தான் முறை என்று தெரிந்ததும் அம்மா நைட்லியை மன்னித்துவிட்டா. ஆனால் கல்யாணத்துக்கு எம்மாவின் தகப்பன் சம்மதிக்கவில்லை; மகள் வீட்டை விட்டுப் போனால் தாங்க மாட்டார். அதனால் நைட்லி தன் பெரிய வீட்டை விட்டுவிட்டு எம்மாவின் வீட்டுக்கு வர ஒத்துக்கொள்கிறார். ரீச்சரின் ஆங்கில உரைநூல்கள் இதை ஒரு புதுமையான தியாகம் என்கின்றனவாம். பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாக எழுதி, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது கிழக்கில் அன்றாடம். "பிறகென்ன, அவர் ஏன் சம்மதிக்கேல்ல?" என்று அம்மா கேட்டா.

சம்மதித்ததற்குக் காரணம் கோழிக்கள்ளன். பக்கத்து வளவில் வான்கோழிகளை ஒருநாள் இரவோடு இரவாக யாரோ அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். கிழவர் பயந்துபோய், வீட்டுக்கு ஒரு ஆம்பிளைத் துணை வேணும் என்று கல்யாணத்தைச் சீக்கிரம் வைக்கச் சொல்கிறார். கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது, பொய்யில்லை.

அம்மா வெகுநேரம் சிரித்தா. "உன்ர அப்பப்பாவும் அப்பிடித்தான் ஓமெண்டவர்" என்று மருமகளைப் பார்த்துச் சொல்ல வந்தவ, என்னைக் கண்டதும் பேச்சை மாற்றி, தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டா.